டர்னர் சிண்ட்ரோம்: பேட்ச்சா, ஜெல்லா, மாத்திரையா?

ஹார்மோன் மாத்திரை என்றாலே புற்றுநோய் வரும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். அந்தப் பயம் பெரும்பாலும் 2002-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து கிளம்பியது, அதில் கலந்துகொண்டவர்கள் மாதவிடாய் நின்றுபோன, 50 முதல் 79 வயதுப் பெண்கள். டர்னர் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு உள்ள பெண்களின் கதை வேறு. அவர்களுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்று முழுதாகவோ ஒரு பகுதியாகவோ இல்லாததால் சினைப்பை சீக்கிரமே ஓய்ந்துவிடுகிறது, அதனால் அந்தந்த வயதில் உடம்பில் இயல்பாக இருக்க வேண்டிய எஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத்தான் வெளியிலிருந்து கொடுக்கிறோம். வழக்கமாக 11, 12 வயதில் மிகக் குறைந்த அளவில் தொடங்கி, இரண்டு மூன்று வருடத்தில் மெல்ல ஏற்றி, 50 வயதுவாக்கில் நிறுத்துவதா என்று யோசிப்பார்கள். நடுவில் விட்டால் எலும்புதான் முதலில் அடிவாங்கும்.

சரி, எதை எடுப்பது? முடிந்தால் தோல் வழியாகப் போவதை, அதாவது தோலில் ஒட்டும் பேட்ச்சையோ தடவும் ஜெல்லையோ, முதலில் கேளுங்கள். மாத்திரையாக விழுங்கும் எஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போகிறது, அங்கே ரத்தம் உறையவைக்கும் புரதங்களைக் கூட்டிவிடுகிறது. டர்னரில் கல்லீரல் என்சைம், பி.பி. இரண்டுமே ஏற்கனவே அதிகமாக இருக்க வாய்ப்பு உண்டு. பேட்ச்சும் ஜெல்லும் அந்தச் சுற்றைத் தவிர்த்து நேரே ரத்தத்தில் கலக்கின்றன.

பேட்ச்சை இடுப்புக்குக் கீழே ஒட்டுவார்கள், மார்பில் கூடாது. பல வகைகளை வாரம் இரண்டு முறை மாற்ற வேண்டும். சிறுமிகளுக்கு அளவைக் குறைக்க வெட்டி ஒட்டச் சொல்வதும் உண்டு, ஆனால் மருந்து பசையிலேயே கலந்திருக்கும் வகையை மட்டும்தான் வெட்டலாம், திரவப் பை உள்ளதை வெட்டினால் மருந்து வழிந்துவிடும். நம்ம ஊர் வெயிலில், வியர்வையில், ஓரம் கழன்றுகொண்டே இருந்தால் ஜெல்லுக்கு மாறலாம். தினமும் தடவ வேண்டும், காயும்வரை சட்டை படக்கூடாது, தடவிய இடத்தில் குழந்தைகள் உரசக்கூடாது, கையைக் கழுவ வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது சரிப்படாது.

இரண்டும் கிடைக்கவில்லை, விலை கட்டுப்படியாகவில்லை என்றால் எஸ்ட்ராடியால் (உடம்பில் இயல்பாகச் சுரக்கும் எஸ்ட்ரோஜன் வகை) மாத்திரை தாராளமாகப் போதும், பெரியவர்களுக்குப் பொதுவாக 2 முதல் 4 மி.கி. ஒழுங்காகப் போடும் மாத்திரை, மறந்துபோகும் பேட்ச்சைவிட மேல். கருத்தடை மாத்திரையை நான் கடைசியில்தான் வைப்பேன்: அதில் பெரும்பாலும் இருப்பது எத்தினைல் எஸ்ட்ராடியால் என்ற செயற்கை எஸ்ட்ரோஜன், கல்லீரலில் வீரியம் அதிகம். போதாததற்கு மாதம் ஏழு நாள் ஹார்மோனே இல்லாத இடைவெளி வேறு.

அப்புறம், கருப்பை இருப்பவர்கள் எஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்துக்கொண்டே போகக்கூடாது, உள்சுவர் தடித்துவிடும். சுமார் இரண்டு வருடம் கழித்து, அல்லது ரத்தக்கசிவு தொடங்கியதும், புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனைச் சேர்ப்பார்கள். அதில் மைக்ரோனைஸ்டு (நுண்பொடியாக்கிய) வகை தூக்கம் தரும் என்பதால் ராத்திரி படுக்கும்போது போடுவது நல்லது. எந்த முறைக்கு மாறினாலும் பி.பி., கல்லீரல் பரிசோதனை, சில வருடத்துக்கு ஒருமுறை எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றி ஹார்மோன் டாக்டரிடம் கேளுங்கள். பேட்ச், ஜெல், எஸ்ட்ராடியால் மாத்திரை எதுவும் கருத்தடை அல்ல, டர்னர் உள்ளவர்களில் சிலருக்கு இயல்பாகவே கரு தரிக்கும், அதனால் அதையும் அப்போதே பேசிவிடுங்கள்.