வாசிப்புக் குறிப்பேட்டில் எங்கே பிசகுகிறது?

வாசித்த புத்தகங்களுக்குக் கணக்கு வைக்க முடிவெடுத்ததும், பலர் செய்யும் முதல் வேலை பள்ளி நாளிலிருந்து வாசித்ததையெல்லாம் நினைவுபடுத்தி எழுத உட்காருவது. பாதியிலேயே அலுத்துவிடும், நோட்டு அலமாரிக்குப் போய்விடும். இப்போது கையில் இருக்கும் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். பழையவை ஞாபகம் வரும்போது நோட்டின் கடைசிப் பக்கங்களில் தனியாகச் சேர்த்தால் போதும்.

அடுத்த பிசகு, கட்டங்களைக் கூட்டிக்கொண்டே போவது. விலை, வகை, அட்டைப்படம் எல்லாம் வேண்டும்போது இணையத்தில் தேடிக்கொள்ளலாம். தலைப்பு, ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பு, முடித்த தேதி, குறிப்பு என்று ஆறு கட்டங்கள் போதும். பதிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘பக்கம் 112’ என்று குறித்த வரி வேறு பதிப்பில் 131-ஆம் பக்கத்தில் இருக்கலாம். மின்நூலில் எழுத்தின் அளவை மாற்றினாலே பக்கம் நகர்ந்துவிடும் என்பதால், அத்தியாய எண்ணையும் அந்த வரியின் முதல் நான்கு சொற்களையும் எழுதிவையுங்கள்.

நட்சத்திர மதிப்பெண்ணை நம்பாதீர்கள். ஒரு வருடம் போனால் எல்லாமே நான்கு நட்சத்திரமாக நிற்கும், ஏன் என்று தெரியாது. ‘அருமை, கட்டாயம் வாசிக்கணும்’ என்பதும் அதே கதைதான். ‘முதல் 60 பக்கம் இழுவை, கடிதம் வந்த பிறகுதான் வேகம். அண்ணன் பேசுவது மட்டும் ஒட்டவில்லை’ என்ற குறிப்பு ஐந்து வருடம் கழித்தும் புத்தகத்தைக் கண்முன் கொண்டுவரும். முடித்த அன்றோ மறுநாளோ எழுதிவிட வேண்டும். அடுத்த புத்தகத்தில் நுழைந்துவிட்டால் இரண்டும் கலந்துவிடும்.

எக்ஸெல் போன்ற விரிதாளில் வைப்பவர்களுக்கு வேறு தொல்லை. ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்குரிய அடையாள எண்) பார்ப்பதற்கு எண், ஆனால் அதை எண்ணாக விடக்கூடாது. 13 இலக்கத்தை அப்படியே அடித்தால் 9.78E+12 என்பதுபோல் சுருங்கிக் காட்டும். 2007-க்கு முந்தைய 10 இலக்க எண் பூஜ்யத்தில் தொடங்கினால் அந்தப் பூஜ்யமே காணாமல் போகும். அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் தொலைந்த பூஜ்யம் திரும்பி வராது. தேதியிலும் கவனம் வேண்டும்: 03/04/2024 மார்ச்சா ஏப்ரலா? 2024-04-03 என்று எழுதினால் குழப்பமில்லை, வரிசைப்படுத்தவும் எளிது.

ஆசிரியர் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். இனிஷியலுக்குப் பின் ஓரிடத்தில் புள்ளி, இன்னோரிடத்தில் வெறும் இடைவெளி என்றிருந்தால், தேடும்போது ஒருவர் இருவராகிவிடுவார்.

பாதியில் விட்ட புத்தகத்தை மறைப்பது வீண் வேலை. நிறுத்திய பக்கத்தையும் காரணத்தையும் எழுதினால், அதையே மறுபடி வாங்கும் அபத்தம் நேராது. மறுவாசிப்புக்குப் பழைய குறிப்பைத் திருத்தாமல் புது வரி போடுங்கள். இரண்டு குறிப்புகளும் முரண்பட்டால் அப்படியே இருக்கட்டும், அதுதான் சுவாரசியம்.

செயலியில் வைத்திருந்தால் மூன்று மாதத்துக்கொருமுறை சிஎஸ்வி கோப்பாக (பட்டியலை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு) இறக்கிவையுங்கள். இறக்கியதும் திறந்து பாருங்கள். தமிழ்த் தலைப்புகள் கேள்விக்குறிகளாகவோ புரியாத குறியீடுகளாகவோ தெரிந்தால், யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையைத் தேர்ந்து மறுபடி திறக்க வேண்டும். அந்த நிலையில் தப்பித்தவறியும் ‘சேவ்’ அழுத்திவிடாதீர்கள். குப்பை எழுத்துகளே கோப்பில் நிலைத்துவிடும்.