உறுதிமொழி எடுத்த அன்றே முடிந்துபோகும் பாஸ்போர்ட்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி பார்க்கும் தவறுகள்

மார்த்தாண்டத்தில் ஆன்லைன் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. போன மாதம் ஓர் அம்மா மஞ்சள் பையிலிருந்து ஒரு பாஸ்போர்ட் நகலை எடுத்து மேசையில் வைத்தார். மகனுடையது. ஆஸ்திரேலியாவில் நர்ஸ் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பே அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டான். இந்தியப் பாஸ்போர்ட் இன்னும் மூன்று மாதத்தில் காலாவதி.

"மோன் அடுத்த வாரம் லீவுல வாறான். வந்ததும் இதைப் புதுப்பிக்கணும். அப்பாயிண்ட்மென்ட் போட்டுரு மக்கா. ரெண்டு பாஸ்போர்ட்டும் கையில இருந்தா நல்லதுதானே?"

"எந்தப் பாஸ்போர்ட்டில் வருகிறான்?" என்று கேட்டேன்.

"இந்தியன்லதான். அப்பதானே விசா எடுக்க வேண்டாம்."

அன்று இரவே மகனுக்கு போன் போடச் சொன்னேன். என் கடைக்கு வருகிற குழப்பங்களில் பாதி இந்த அம்மாவின் ஒரு கேள்விக்குள் இருக்கிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, ஓர் இந்தியர் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் அந்த நொடியே இந்தியக் குடியுரிமை போய்விடும். யாரும் கடிதம் அனுப்ப மாட்டார்கள், யாரும் வந்து பாஸ்போர்ட்டைப் பறிக்கவும் மாட்டார்கள். புத்தகம் அலமாரியில் அப்படியே இருக்கும், அதில் இன்னும் ஐந்து வருடம் செல்லும் என்று அச்சிட்டிருக்கும். இதுதான் ஆளை ஏமாற்றுவது. புது நாட்டுக் குடிமகனாக உறுதிமொழி எடுத்த தேதிக்குப் பிறகு அந்தப் புத்தகத்துக்கு உயிர் கிடையாது. குடியுரிமை விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன: வேறு நாட்டின் பாஸ்போர்ட்டை வாங்கியதே, அந்த நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றதற்கு முடிவான சான்று.

அப்படியானால் "அங்கே இரட்டைக் குடியுரிமை உண்டே" என்கிறார்களே? உண்டு. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா எல்லாம் அனுமதிக்கின்றன. ஜெர்மனியும் 2024 ஜூன் 27 முதல் அனுமதிக்கிறது. அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிய நாட்களில் எத்தனை பேர் சந்தோஷமாக வந்து கேட்டார்கள் என்கிறீர்கள்! ஜெர்மனி அனுமதிப்பது, "பழைய குடியுரிமையை விட்டுவிட்டு வா என்று நாங்கள் கேட்க மாட்டோம்" என்பது மட்டும். இந்தியா வைத்துக்கொள்ளவும் விட வேண்டுமே. இரு கை தட்டினால்தான் ஓசை.

அடுத்தது ஓ.சி.ஐ. (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா) அட்டை, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய முன்னாள் இந்தியர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் இந்தியா தருவது. 2005இல் வந்தது. அதன் முழுப்பெயரில் 'சிட்டிசன்' என்ற சொல் இருப்பதால் இதுவே இரட்டைக் குடியுரிமை என்று நம்புகிறவர்கள் ஏராளம். பெயர் வைத்தவர்களைத்தான் நான் குறை சொல்வேன். அது வாழ்நாள் விசா, அவ்வளவுதான். எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து போகலாம், தங்கலாம், வேலை பார்க்கலாம். ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொள்ள முடியாது.

சரி, குடியுரிமை வாங்கிய பிறகு புதுப்பித்தால் என்ன ஆகும்? 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இதற்கென்றே ஓர் உட்பிரிவு இருக்கிறது. இந்தியக் குடிமகனாக இல்லாத ஒருவர் தன் குடியுரிமையை மறைத்துப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால் ஒரு வருடத்துக்குக் குறையாமல் ஐந்து வருடம் வரை சிறை, பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். புதுப்பிக்காமல் பழையதை வைத்தே பயணம் செய்தாலும், பின்னால் அதை ரத்து செய்ய இந்தியத் தூதரகத்தில் ஒப்படைக்கப் போகும்போது தண்டத்தொகை கேட்பார்கள். ஒரு விசாக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க இந்த வம்பு எதற்கு?

புதுப்பிக்காமல் விடுவதும் தவறுதான்

மேலே சொன்னதைக் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் சாய்கிறவர்களும் இருக்கிறார்கள். "எப்படியும் குடியுரிமை வரப்போகிறது, எதற்கு வீணாகப் புதுப்பிக்க வேண்டும்?" என்று பாஸ்போர்ட்டைக் காலாவதியாக விட்டுவிடுவார்கள். என் சொந்தக்காரப் பையன் ஒருவன் பிரிட்டனில் இதைத்தான் செய்தான். விண்ணப்பம் போட்டாயிற்று, நாலைந்து மாதத்தில் முடிந்துவிடும் என்ற கணக்கு. கணக்கு இழுத்துக்கொண்டே போனது. இடையில் இங்கே ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் அவன் அம்மாவைச் சேர்த்தார்கள். கையில் செல்லும் பாஸ்போர்ட் இல்லை. தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் என்று ஒன்று தருவார்கள், ஆனால் அது இந்தியாவுக்கு வர மட்டும். திரும்பிப் போக உதவாது. அவசரமாகப் புதுப்பித்து அவன் வந்து சேர்வதற்குள் அம்மா டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கே வந்துவிட்டார். நல்லபடியாக முடிந்ததால் இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது.

பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமையும் குடியுரிமையும் வேறு வேறு. பி.ஆர். வாங்கியவர் இன்னும் இந்தியர். அவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் மட்டும்தான் பாஸ்போர்ட். உறுதிமொழி எடுக்கும் நாள் கையில் உறுதியாகும் வரை அதைச் செல்லும் நிலையில் வைத்திருப்பதே என் கட்சி. இந்தியாவில் பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய், 60 பக்கம் 2,000. தத்காலில் போட்டால் இன்னும் 2,000 கூட. ஒரு வருடம் மட்டும் பயன்பட்டாலும் நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். காலாவதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விடுமுறைக்கு ஊர் வரும்போதே முடித்துவிடலாம். நம் மாவட்டம் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. அப்பாயிண்ட்மென்டை ஊர் வரும் முன்பே போட்டு வைத்தால் லீவு நாட்கள் வீணாகாது.

புதுப் புத்தகம் வந்ததும் மறக்கிற வேலை ஒன்று உண்டு. ஆஸ்திரேலிய விசாவும் பிரிட்டனின் இ-விசாவும் பாஸ்போர்ட் எண்ணோடு கட்டி வைத்தவை. எண் மாறியதை அந்தந்த நாட்டின் இணையக் கணக்கில் பதியாவிட்டால், திரும்பும் நாளில் திருவனந்தபுரம் விமான நிலையத்துக் கவுண்டரில் "உங்களுக்கு விசா காட்டவில்லையே" என்பார்கள்.

கல்ஃபில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. முப்பது வருடம் உழைத்தாலும் அங்கே குடியுரிமை அபூர்வம். ஆகவே தயங்காமல் புதுப்பியுங்கள், ஆறு மாதத்துக்குக் கீழே போக விடாதீர்கள்.

இடைப்பட்ட நாட்கள்

உறுதிமொழிக்கும் புதுப் பாஸ்போர்ட்டுக்கும் நடுவில் சில வாரங்கள் வரும். பழைய பாஸ்போர்ட் செத்துவிட்டது, புதியது கையில் இல்லை. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் தேருக்கோ, மாசியில் மண்டைக்காட்டுக் கொடைக்கோ டிக்கெட் போட்டு வைத்திருப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். விழா தேதி முன்கூட்டியே தெரியும், உறுதிமொழி விழாவுக்கு அழைப்பு எப்போது வரும் என்று தெரியாது. டிக்கெட் பத்திரமாக இருக்க வேண்டுமானால் ஊருக்கு வந்து போன பிறகு உறுதிமொழி எடுங்கள். தேதியை மாற்றித் தரும்படி கேட்கலாம்.

வரிசை இதுதான்: உறுதிமொழி, புது நாட்டுப் பாஸ்போர்ட், இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்குவது, அப்புறம் ஓ.சி.ஐ. ஒப்படைத்த புத்தகத்தை ரத்து முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள். அதைத் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளைக்கு ஓ.சி.ஐ. வேண்டுமென்றால் நீங்கள் இந்தியராக இருந்தீர்கள் என்பதற்கு அதுதான் ஆதாரம். தாத்தா பாட்டி வழியில் விண்ணப்பிக்கிறவர்களுக்கு நம் மாவட்டத்தில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மண். தாத்தாவின் பள்ளிச் சான்றிதழும் பழைய பத்திரமும் மலையாளத்தில் இருக்கலாம். அவற்றை மொழிபெயர்த்துச் சான்று வாங்க வேண்டும். கடைசி நேரத்தில் ஆள் தேடி அலையாதீர்கள்.

பெயர்

நான் அதிகம் சண்டை போடுவது இதில்தான். நம்மூரில் பெயருக்கு முன்னால் நிற்கும் ஓர் எழுத்துதான் அப்பா. பாஸ்போர்ட்டிலோ இரண்டு கட்டம்: குடும்பப் பெயர், கொடுத்த பெயர். பழைய பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது இனிஷியல் மட்டும் உட்கார்ந்திருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்ற மாட்டோம் என்றபோது கடையில் கூட்டம் தாங்கவில்லை. புத்தகத்தின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள்.

வெளிநாடு கிளம்புவதற்கு முந்தைய புதுப்பித்தல்தான் இதைச் சரிசெய்ய மலிவான வாய்ப்பு. போன பிறகு வங்கிக் கணக்கு, நர்ஸிங் பதிவு, ஓட்டுநர் உரிமம், பி.ஆர்., கடைசியில் குடியுரிமைச் சான்றிதழ் என்று எல்லாமே பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதப்படும். நடுவில் அப்பா பெயரைப் பிரித்துப் போட்டால் பாதி ஆவணத்தில் ஒருவர், மீதியில் இன்னொருவர். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்கும் பெண்களிடம், படிப்புச் சான்றிதழ்களில் என்ன இருக்கிறதோ அதையே விடுங்கள் அம்மா என்றுதான் சொல்வேன்.

பிள்ளைகளும் விளையும் (தோட்டமும்)

மூத்தது நாகர்கோவிலில் பிறந்திருக்கும், இளையது சிட்னியில். பெற்றோரில் ஒருவருக்கு பி.ஆர். இருந்தால் இளையது பிறப்பிலேயே ஆஸ்திரேலியர். அதற்கு அந்த நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்தாயிற்று என்றால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் போக வேண்டாம். இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதியும்போதே, பிள்ளைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். பொய் எழுதிவிடாதீர்கள், ஓ.சி.ஐ. போதும். மூத்தது பெற்றோரோடு சேர்ந்து குடியுரிமை பெறும்போது அதன் இந்தியப் பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்க வேண்டும், இதைப் பெரும்பாலும் மறக்கிறார்கள். இருபது வயதுக்குள் ஓ.சி.ஐ. எடுத்தவர்கள், இருபது நிறைந்த பிறகு வரும் முதல் புதுப் பாஸ்போர்ட்டோடு ஒருமுறை அட்டையை மாற்றினால் போதும். மற்றபடி இருபது வயது வரை பாஸ்போர்ட் மாறும் ஒவ்வொரு முறையும், ஐம்பது நிறைந்த பிறகு ஒருமுறையும், மூன்று மாதத்துக்குள் நகலையும் புகைப்படத்தையும் இணையத்தில் ஏற்றிவிட வேண்டும்.

ரப்பர் தோட்டத்தையும் தென்னந்தோப்பையும் நினைத்துத்தான் பலர் இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனம் வராமல் இருக்கிறார்கள். பயம் பாதிதான் சரி. அப்பா சொத்து வாரிசாக வந்தால் ஓ.சி.ஐ.காரரும் வைத்துக்கொள்ளலாம். ஊரில் இருந்தபோது வாங்கிய விளையும் கையை விட்டுப் போகாது. புதிதாக விவசாய நிலமோ தோட்டமோ வாங்க முடியாது என்பது உண்மை. ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவருக்கும் அதே தடைதான்! அதனால் நிலத்துக்காகப் பழைய புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதில் லாபம் ஒன்றும் இல்லை. வீடும் பிளாட்டும் இருவரும் வாங்கலாம். விற்கும்போது மட்டும் கவனம்: விவசாய நிலத்தை இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும்.

வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவரின் பெயரை இங்குள்ள வாக்காளர் பட்டியலில் இருந்து எடுக்கப் படிவம் 7. வீட்டில் இருப்பவர்கள் நினைவுபடுத்துங்கள்.

அந்த அம்மாவின் மகன் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டான். இந்தியப் பாஸ்போர்ட்டை அங்கேயே ஒப்படைத்துவிட்டு, ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டில் இ-விசா எடுத்து வந்து இறங்கினான். கடைக்கு வந்தவன் ரத்து முத்திரை விழுந்த புத்தகத்தை எடுத்துக் காட்டினான். அம்மா அதைத் திரும்ப வாங்கி, மஞ்சள் பையில் தீர்வை ரசீதுகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.