திசு போர்த்திய ஸ்டென்ட்: ஓட்டை அடைக்கும் அவசரத்தில் நடக்கும் தவறுகள்

திசு போர்த்திய ஸ்டென்ட் வைக்க நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளை, ஏறக்குறைய அதே வரிசையில், இப்போது பழக வருகிறவர்களும் செய்கிறார்கள். அளவு பார்க்காமல் ஸ்டென்ட் எடுப்பது, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரினைக் கொடுத்ததைக் குறிக்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. முதல் வாரத்திலேயே யாராவது திட்டிச் சரிசெய்துவிடுவார்கள்.

திசு போர்த்திய ஸ்டென்ட் என்பது தமனியை விரித்து வைக்கும் வழக்கமான உலோக வலைதான். அதன்மேல் குதிரை அல்லது மாட்டின் இதய உறையிலிருந்து எடுத்த மெல்லிய சவ்வு சுற்றியிருக்கும். சவ்வை குளூட்டரால்டிஹைடில் பதப்படுத்துவதால் உறுதி கூடும், உடல் அதை எதிர்ப்பதும் குறையும். திசு வால்வு செய்வதும் இந்த முறையில்தான். பிடிஎஃப்இ, பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருள்கள் போர்த்திய ஸ்டென்ட்களும் உண்டு. இதயத்துக்கு ரத்தம் தரும் கரோனரித் தமனி கிழிந்து ரத்தம் வெளியே பீய்ச்சும்போதும், தமனி பலூன்போல் வீங்கிய இடத்தை உள்ளிருந்து மூடவும் இவை தேவைப்படும்.

பலூனை வெளியே எடுத்துவிட்டு ஸ்டென்டைத் தேடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. சுண்ணாம்பு படிந்து இறுகிய தமனி. ஒரு பயிற்சி மருத்துவர் அடைப்பை விரிக்கும் பலூனில் அழுத்தம் கூட்டிக்கொண்டே போனார். அடைப்பு விரிந்தது. அடுத்த படத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் சாயம் வெளியே பீய்ச்சியது. தமனிக் கிழிசல்களைத் தரம் பிரிக்கும் எல்லிஸ் வகைப்பாட்டில் மூன்றாம் வகை. பலூன் கிழிசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை அங்கேயே ஊதியிருந்தால் போதும். அவரோ "கவர்டு ஸ்டென்ட் எங்கே?" என்று கேட்டபடியே பலூனை முழுக்க வெளியே இழுத்துவிட்டார். அலமாரியில் தேடி, உறையைப் பிரித்து, ஸ்டென்டைத் தயார் செய்வதற்குள் பிபி சரிந்து, எக்கோவில் இதயத்தைச் சுற்றி ரத்தம் தெரிந்தது. நோயாளி பிழைத்தார். ஆனால் அவர் நெஞ்சில் ஊசி போட்டு ரத்தம் உறிஞ்ச வேண்டிய தேவையே வந்திருக்கக் கூடாது.

இதய உறைக்குள் ரத்தம் வேகமாகச் சேர்ந்தால் 100, 200 மில்லியே இதயத்தை நசுக்கப் போதும். அதனால் முதல் வேலை ஸ்டென்ட் அல்ல, பலூன். தமனியின் அளவுக்குப் பொருந்தும் பலூனைக் கிழிசலின்மேல் வைத்து, கசிவை நிறுத்தும் அளவுக்கு மட்டும் குறைந்த அழுத்தத்தில் ஊதுங்கள். கொஞ்சம் சாயம் விட்டு, கசிவு நின்றுவிட்டதா என்று பாருங்கள். நெஞ்சு வலிக்கும், மானிட்டரில் ஈசிஜியின் எஸ்டி பகுதி மேலே ஏறும். அதைக் கண்டு பதறிப் பலூனைச் சுருக்குகிறவர்கள் நிறைய. தமனியை அடைத்து வைத்திருக்கிறோம், எஸ்டி ஏறத்தான் செய்யும். பிபியும் வலியும் இடம் கொடுக்கும்வரை பிடித்து வையுங்கள்.

அந்த நேரத்தில்தான் மற்ற வேலைகள். சாதாரண கைடு (தமனியின் வாய்வரை போகும் குழாய்) வழியாகப் பலூனும் இந்தத் தடித்த ஸ்டென்டும் ஒன்றாகப் போவது கடினம். இன்னொரு ரத்தக்குழாய் வழியாக இரண்டாவது கைடைக் கொண்டுவந்து, முதல் கைடைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, புதியதைத் தமனியின் வாயில் அமர்த்துங்கள். பலூனை ஒரு கணம் சுருக்கி, இரண்டாவது வயரை (பலூனும் ஸ்டென்டும் ஏறிப்போகும் மெல்லிய கம்பி) கடத்தி, மறுபடி ஊதுங்கள். ஸ்டென்ட் பலூனுக்கு மேலே வந்து காத்திருக்கட்டும். பிறகு பலூனையும் முதல் வயரையும் வெளியே எடுத்து, உடனே ஸ்டென்டைக் கிழிசலின் குறுக்கே கொண்டுபோய் விரியுங்கள். பழைய வயரை உள்ளேயே மறந்தால் அது ஸ்டென்டுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும்.

உறையில் எழுதியிருப்பதைப் படிக்காதது

பதப்படுத்தும் திரவத்தில் வரும் ஸ்டென்ட் என்றால் சலைனில் அலச வேண்டும். எவ்வளவு நேரம் என்பது உறையிலேயே இருக்கும். அதைக் கிழிசல் நடந்த பிறகா படிப்பது?

பாதி விரித்துவிட்டுத் திருப்தி அடைவது

போர்வை இருப்பதால் சாதாரண ஸ்டென்டைவிட விறைப்பு அதிகம். முழுதாக விரியாவிட்டால் ஓரத்தில் கசியும், பிறகு ரத்தம் உறையும். கசிவு நின்றதும் முடிந்தது என்று கைகழுவாமல், நோயாளி நிலையாக இருந்தால் ஐவஸ் (தமனிக்குள்ளிருந்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட்) போட்டுப் பாருங்கள்.

கிளைத் தமனியை மறப்பது

வலை வழியாக ரத்தம் போகும். சவ்வு வழியாகப் போகாது. அது மூடும் இடத்தில் கிளை இருந்தால் அந்தக் கிளையும் அடைபடும்.

வயர் நுனி குத்திய ஓட்டைக்கு இதைத் தேடுவது

நுனிக் கிளைகளுக்குள் இந்த ஸ்டென்ட் நுழையாது. அங்கே ஓட்டையை அடைக்க காயில் எனும் சிறு உலோகச் சுருள், அல்லது நோயாளியின் கொழுப்புத் துணுக்கு.

புரோட்டமைனை முந்திக் கொடுப்பது

வயரும் பலூனும் தமனிக்குள் இருக்கும்போது புரோட்டமைனால் ஹெபரினை முறித்தால் உள்ளேயே ரத்தக்கட்டி உருவாகும். கருவிகள் வெளியே வரட்டும்.

பைபாஸ் சிரையில் வடிகட்டி என்று நம்புவது

பைபாஸுக்கு வைத்த கால் சிரையில் அடைப்பு வந்தால், போர்த்திய ஸ்டென்ட் துகள்களை உள்ளேயே அமுக்கி வைக்கும் என்ற எண்ணம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிடிஎஃப்இ ஸ்டென்டை வைத்து ரெகவர்ஸ், ஸ்டிங், சிம்பயாட் 3 ஆய்வுகளில் பார்த்தார்கள். சாதாரண ஸ்டென்டைவிட மேலான பலன் இல்லை. கிழிசலோ வீக்கமோ இல்லாத இடத்தில் இதை நான் எடுப்பதில்லை.

வார்டுக்கு அனுப்பிவிட்டு மறப்பது

கசிவு நின்ற சில மணி நேரம் கழித்தும் இதயத்தைச் சுற்றி ரத்தம் சேரலாம். எக்கோவைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். டிஸ்சார்ஜ் தாளில் "ஸ்டென்ட் வைக்கப்பட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். போர்த்திய ஸ்டென்டில் ரத்தம் உறையும் அபாயமும் மறுபடி அடைக்கும் வாய்ப்பும் கூடுதல். நாளை பல் பிடுங்கப்போகும் இடத்தில் ஒருவர் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் இரட்டை மாத்திரையை நிறுத்தச் சொல்வார், அந்தத் தாளைத்தான் பார்ப்பார்.