சமையல் மேடை: மார்பிளை எடுத்துவிட்டு கிரானைட் போட்டது

பழைய மேடை வெள்ளை மார்பிள். புளியும் எலுமிச்சையும் பட்ட இடமெல்லாம் பளபளப்புப் போய் மங்கல் வட்டங்கள். அது கறை இல்லை, அரிப்பு. மார்பிளின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். புளிப்பு பட்டால் கரையும். சீலர் (கல்லின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) அடித்தாலும் அரிப்பு நிற்காது. கல்லையே மாற்றினேன்.

குவார்ட்ஸ் நீர் உறிஞ்சாது, பார்க்கவும் அழகு. ஆனால் அது கல்தூளை ரெசின் என்ற பிளாஸ்டிக் பசையில் பிணைத்துச் செய்த பலகை. அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேரே வைத்தால் நிறம் மாறும், விரிசலும் விடலாம். ஒவ்வொரு முறையும் யார் பிரிமணை தேடுவது? கிரானைட்தான் சரி.

கறுப்பு கிரானைட்டில் ஒரு சூது உண்டு: சுமாரான கல்லுக்குச் சாயம் ஏற்றி விற்பார்கள். வெள்ளைப் பஞ்சை அசிட்டோனில் நனைத்து அழுத்தித் தேயுங்கள். பஞ்சு கறுத்தால் வேண்டாம். மாதிரித் துண்டில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு, நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள். எண்ணெய்த் தடம் தங்கினால் கல் உறிஞ்சுகிறது, சீலர் தேவை. சாறு பட்ட இடம் மங்கினால் அந்தக் கல்லே ஆகாது.

கனம் 18 முதல் 20 மி.மீ. உடைவது பெரும்பாலும் சிங்க் வெட்டில்தான். உள்மூலையைக் கூராக வெட்டினால் அங்கிருந்து விரிசல் ஓடும். முதலில் நான்கு மூலையிலும் 10 மி.மீ. துளை, பிறகே பிளேடு. சிங்குக்கு முன்னே மிஞ்சும் ஒடுங்கிய பட்டைக்கு அடியில் தாங்கல் வையுங்கள். முன்விளிம்பின் அடிப்புறத்தில் நீளவாக்கில் சின்னப் பள்ளம் (காடி) ஒன்று போடச் சொல்லுங்கள். வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், கப்போர்டு கதவு ஊறாது. சிங்க் ஓரத்துக்கு ஒயிட் சிமென்ட் வேண்டாம், சிலிகான் போதும். 24 மணி நேரம் ஈரம் படாமல் விடவும்.