மோட்டார் பின்பக்கமாகக் கழன்று விழுகிறதா? ஹை பவர் ராக்கெட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹை பவர் ராக்கெட் என்பது பொழுதுபோக்காகப் பறக்கவிடும் பெரிய மாதிரி ராக்கெட். அது கிளம்பும்போது மோட்டார் முன்னோக்கித்தான் தள்ளும். அதன் பின்முனை வளையம் மவுண்ட் குழாயின் (மோட்டாரைச் செருகும் குழாய்) விளிம்பில் முட்டி அந்த விசையைத் தாங்கிவிடும். இதைப் பார்த்துவிட்டு, மோட்டார் எங்கே போகப்போகிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். மோட்டார் கழல்வது பெரும்பாலும் ராக்கெட் ஏறி முடிக்கும் உச்சியில். பாரசூட்டை வெளியேற்றும் மருந்து பற்றியதும் உள்ளே ஏறும் அழுத்தம் மூக்குக் கூம்பை மட்டுமா தள்ளும்? மோட்டாரையும் பின்னால் தள்ளும். மோட்டார் முதலில் கழன்றுவிட்டால் அழுத்தம் அந்த வழியே போய்விடும், பாரசூட் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ராக்கெட் ஈட்டி மாதிரி தரையில் பாயும். மோட்டாரின் சூடான உறை தனியாக வந்து விழும்.

சின்னக் கணக்கு ஒன்று. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் என்று வைத்தால், 38 மி.மீ. மோட்டார் மேல் சுமார் 12 கிலோ விசை விழும், 54 மி.மீ. மோட்டார் மேல் 24 கிலோ. மாஸ்கிங் டேப்பைச் சுற்றி இறுக்கிச் செருகுவது சின்ன மோட்டாருக்குச் சரி. இந்த விசைக்கு அதை மட்டும் நம்ப எனக்கு மனம் வராது.

"ஆல்டிமீட்டர்தான் பாரசூட்டைத் திறக்கிறது, ரீடெய்னர் எதற்கு?" என்பார்கள். ஆல்டிமீட்டர் என்பது உயரத்தை அளந்து பாரசூட்டைத் திறக்கவைக்கும் மின்னணுக் கருவி; ரீடெய்னர் என்பது குழாயின் பின்முனையில் ஒட்டி, மூடி திருகி மோட்டாரைப் பிடித்து வைக்கும் வளையம். பாரசூட் விரியும்போது உடல் வெடுக்கென்று மேலே இழுபடும், கனமான மோட்டாரோ கீழே போய்க்கொண்டே இருக்கும். பிடிமானம் இல்லாவிட்டால் அப்போதும் உருவிக்கொண்டு போய்விடும்.

ரீடெய்னரை ஒட்டுவதில்தான் கைத்தவறு அதிகம். ஐந்து நிமிட எபாக்ஸி சூட்டில் இளகிவிடும். மோட்டாரின் வாயு பீய்ச்சும் வாயான நாசிலுக்குப் பக்கத்தில் ஜேபி வெல்ட் மாதிரி சூடு தாங்கும் பசைதான் நல்லது. குழாயின் வழவழப்பு போகும்வரை உப்புத்தாள் போடுங்கள், ரீடெய்னரின் உட்புறத்தையும் நன்றாகக் கீறிவிட்டு ஆல்கஹாலால் துடையுங்கள். பசையைக் குழாயின் வெளிப்பக்கத்தில் தடவுங்கள். ரீடெய்னரைத் திருகியபடி ஏற்றும்போது மிச்சப் பசை முன்பக்கம் ஒதுங்கும். ரீடெய்னருக்குள் தடவினால் அது பின்னால் வழிந்து, மோட்டார் நுழைகிற வாயை அடைத்துவிடும். மரைக்குள் போனால் மூடியே திருகாது. அப்புறம், ரீடெய்னர் உட்காரும் அளவுக்குக் குழாய், அதை ராக்கெட்டுக்குள் தாங்கும் பிளைவுட் பின் வளையத்தைத் தாண்டி நீண்டிருக்க வேண்டும். அதை முதலிலேயே அளந்து விடுங்கள். எல்லாம் ஒட்டிய பிறகு குழாயை இழுத்து நீட்ட முடியாது.

ரீடெய்னருக்குப் பதில் கிளிப்பும் திருகும் போடுகிறவர்கள் டி-நட்டை (மரத்தில் பதியும் பல் உள்ள நட்டு) அந்தப் பிளைவுட் வளையத்தின் உள்பக்கத்தில் பதிக்க வேண்டும். அப்போதுதான் திருகு இழுக்க இழுக்க அது மரத்துக்குள் இறுகும். வெளிப்பக்கம் பதித்தால் ஒரே இழுப்பில் பிய்ந்து வந்துவிடும். ஒற்றைக் கிளிப் போதாது, எதிரெதிரே இரண்டாவது வேண்டும்.

பெரிய மவுண்ட் குழாயில் சிறிய மோட்டாரைப் பொருத்தும் அடாப்டர் போட்டுச் சிறிய மோட்டாரைப் பறக்கவிட்டால் பிடிமானம் இரண்டு இடத்தில் வேண்டும்: அடாப்டருக்குள் மோட்டாருக்கு ஒன்று, ராக்கெட்டுக்குள் அடாப்டருக்கு ஒன்று. இரண்டாவதைத்தான் மறந்துவிடுகிறார்கள். மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டரைச் செருகும் முன்பே மோட்டாரின் பின்முனையைப் பிடித்து ஒருமுறை பலமாக இழுத்துப் பாருங்கள்.