காய்ச்சல் எந்தக் கிழமை வந்தது?

வட சுமத்ராவில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன். வருடா வருடம் இன்டர்ன்ஷிப் டாக்டர்கள் புதிதாக வந்து இறங்குகிறார்கள். நன்றாகப் படித்த பிள்ளைகள். சிகிச்சை நெறிமுறைகளை என்னைவிட வேகமாக ஒப்பிப்பார்கள். ஆனால் வந்த மூன்றாம் வாரத்துக்குள், நான் பத்து வருடத்துக்கு முன் செய்த தப்புகளை ஏறக்குறைய அதே வரிசையில் செய்துவிடுகிறார்கள். கை கழுவு, எடை பார், அலர்ஜி உண்டா என்று கேள் என்பதை எல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது வார்டு சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்காக அந்தத் தப்புகளை மட்டும் எழுதுகிறேன்.

‘கெமாரின்’ என்றால் நேற்று இல்லை

இந்தோனேசிய மொழியில் ‘கெமாரின்’ என்ற சொல்லுக்கு அகராதி ‘நேற்று’ என்றுதான் பொருள் சொல்லும். பேச்சில் அது அப்படி இல்லை. நாம் ‘அன்னைக்கு ஒரு நாள்’ என்போமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. முந்தாநாளும் கெமாரின்தான், போன வாரமும் கெமாரின்தான். இந்த ஒரு சொல்லால் டெங்கு வந்த ஒரு பையனை இழக்கப் பார்த்தேன்.

ஒரு புதன்கிழமை மதியம் வந்தான். ஆறு வயது, 18 கிலோ. எப்போதிருந்து காய்ச்சல் என்று கேட்டேன். “கெமாரின், டோக்” என்றார் அம்மா. டோக் என்றால் டாக்டர். ‘காய்ச்சல் 2ஆம் நாள்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். ஹெமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம், 36. பிளேட்லெட் சற்றுக் குறைவு. விடால் பரிசோதனை ஏதோ லேசாகக் காட்டியது, டைபாய்டாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வியாழன் காலையில் காய்ச்சல் இறங்கிவிட்டது. பையன் எழுந்து உட்கார்ந்து இரண்டு வாய் கஞ்சி குடித்தான். ‘தேறி வருகிறான்’ என்று எழுதி, 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு வெளிநோயாளிகளைப் பார்க்கப் போனேன்.

மாலை ஐந்தரைக்கு அந்த நர்ஸ்தான் கூப்பிட்டார். பையனின் பாதம் ஐஸ் பெட்டியில் வைத்த மீன் மாதிரி இருந்தது. ரத்த அழுத்தம் 90/75. மேலே உள்ள எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. இரண்டுக்கும் இடையே 15தான் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 20 அல்லது அதற்குக் கீழே போனால் அது ஷாக், அதாவது உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாத நிலை. ஹெமடோக்ரிட் 47 ஆகியிருந்தது. 36லிருந்து 47 என்றால் 30 சதவீத ஏற்றம். 20 சதவீதம் ஏறினாலே ரத்தக் குழாயிலிருந்து பிளாஸ்மா வெளியே கசிகிறது என்று அர்த்தம்.

டெங்குவில் ஆபத்து காய்ச்சல் கொதிக்கும்போது வருவதைவிட, அது இறங்கும்போதுதான் வரும். பெரும்பாலும் 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள். அந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம்தான் இருக்கும். அந்த நேரம் எப்போது என்று தெரிய வேண்டுமானால், காய்ச்சல் தொடங்கிய நாள் சரியாகத் தெரிய வேண்டும். என் கணக்கில் அவனுக்கு அன்று 3ஆம் நாள். உண்மையில் 5ஆம் நாள்.

ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர் டிரிப்பை ஓடவிட்டோம், நாடி திரும்பியது. அப்புறம் பயத்தில் தேவைக்கு மேலேயே விட்டேன், அது இரண்டாவது தப்பு. நள்ளிரவில் நெஞ்சில் நீர் கோத்து மூச்சு வாங்கியது. மாகாணத் தலைநகர் மேடானுக்கு நான்கு மணி நேர ஆம்புலன்ஸ் பயணம், அங்கே ஆறு நாள் தீவிர சிகிச்சை. பிழைத்துவிட்டான். தேசிய காப்பீட்டு அட்டை இருந்ததால் சிகிச்சைக்குப் பணம் கட்டவில்லை. ஆனால் கூடப் போனவர்களின் சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் அந்த அட்டை தராது, அப்பாவின் குலை வெட்டும் கூலியையும் தராது. மோட்டார் சைக்கிளை அடகு வைத்தார்கள்.

திரும்பி வந்தபோது அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே உடம்பு சுட்டிருக்கிறது. திங்கட்கிழமை பள்ளியில் கொடியேற்றத்தில் நிற்க முடியாமல் தள்ளாடியவனை ஆசிரியை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். ஊரில் யாரோ கொடுத்த பொடி மருந்தில் கொஞ்சம் தணிந்து, செவ்வாய் மறுபடி ஏறியிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் ‘கெமாரின்’ என்று சொன்னார். அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

அதனால் ‘எத்தனை நாளாக’ என்று கேட்காதீர்கள். திங்கட்கிழமை கொடியேற்றத்துக்குப் போனானா? வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு முன்பா பின்பா? ஞாயிறு தேவாலயத்தில் எப்படி இருந்தான்? சந்தை நாளில் கூட வந்தானா? இந்த ஊரில் வாரம் இப்படித்தான் ஓடுகிறது, அம்மாக்களின் ஞாபகமும் அதில்தான் தொங்குகிறது. பதிலைக் கேஸ் ஷீட்டில் எண்ணாக எழுத வேண்டாம், ‘ஞாயிறு மாலை’ என்று கிழமையாக எழுதுங்கள். எண்ணை யாராவது அப்படியே பார்த்து எழுதுவார்கள். கிழமையை அப்படி எழுதினாலும் அது மாறாது.

போன மாதம் அதுதான் நடந்தது. ஆரம்ப சுகாதார நிலையம், அதாவது புஸ்கெஸ்மாஸ், கொடுத்த பரிந்துரைக் கடிதத்தில் ‘காய்ச்சல் 3ஆம் நாள்’ என்று இருந்தது. கடிதத்தில் தேதியும் இருந்தது. குடும்பம் வண்டிக்காக ஒன்றரை நாள் காத்திருந்து வந்திருக்கிறது. நம் இன்டர்ன் அந்த 3ஐ அப்படியே தூக்கி எழுதிவிட்டார். நான் ரவுண்ட்ஸில் பார்த்ததால் தப்பித்தோம். அவரைத் திட்டினேன். அன்று கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டேன் என்று தெரியும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்னமும் பொறுமை வரவில்லை.

ஒன்று கூடுதலாக. காய்ச்சல் இறங்கி, பிள்ளை பசிக்கிறது என்று கேட்டு, மூத்திரமும் நன்றாகப் போனால் நிம்மதியாக இருக்கலாம். காய்ச்சல் இறங்கியும் சோர்ந்து படுத்திருந்தாலோ, வயிறு வலிக்கிறது என்றாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, நான்கைந்து மணி நேரமாக மூத்திரம் போகாவிட்டாலோ கட்டிலை விட்டு நகராதீர்கள். அந்தப் புதன்கிழமைப் பையன் இரண்டு வாய்க்கு மேல் கஞ்சி குடிக்கவில்லை. அதை நான் பார்த்தேன், பார்த்தும் புரியவில்லை.

விடால்

ஒரே ஒரு விடால் சீட்டை வைத்து ‘திபெஸ்’, அதாவது டைபாய்டு, என்று பெயர் சூட்டாதீர்கள். டைபாய்டு நிறைந்த ஊரில் ஆரோக்கியமான பிள்ளைக்கும் அது லேசாகக் காட்டும்.

பிளேட்லெட்டைத் துரத்துவது

பிளேட்லெட் எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டு உறவினர்கள் வாசலில் நிற்பார்கள். ஜூஸாக்கிய கொய்யா பாட்டில் பாட்டிலாக வரும். கொய்யாவுக்கு இங்கே ‘ஜம்பு பிஜி’ என்று பெயர். குடிக்கட்டும், நீர்ச்சத்துதானே. நீங்களும் அவர்களோடு சேர்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் பிரச்சினை. ரத்தம் கசியாத பிள்ளைக்கு எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்ற வேண்டியதில்லை. ஹெமடோக்ரிட்டையும் நாடியையும் கைகால் சூட்டையும் பாருங்கள். இந்தோனேசியாவில் டெங்கு ரத்தக்கசிவுக் காய்ச்சல் முதலில் பதிவானது 1968இல், சுரபாயாவிலும் ஜகார்த்தாவிலும். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் வாசலில் நிற்பவர்கள் இதே எண்ணைத்தான் கேட்கிறார்கள்.

புயர்

பல மாத்திரைகளை ஒன்றாக இடித்துக் காகிதத்தில் மடித்துத் தருகிற பொடிக்கு இங்கே ‘புயர்’ என்று பெயர். அம்மா “புயர் கொடுத்தேன்” என்றால் விசாரணை அங்கேதான் தொடங்க வேண்டும். அதில் பாராசிட்டமால் இருக்கலாம், ஆன்டிபயாடிக் இருக்கலாம், ஸ்டீராய்டும் இருக்கலாம். ஸ்டீராய்டு இருந்தால் காய்ச்சல் அட்டவணையை நம்பவே முடியாது. காகிதத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள், மருந்துச்சீட்டு இருந்தால் அதையும். இல்லை என்றால் கொடுத்தவருக்குப் போன் போடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

சொட்டு மருந்தும் சிரப்பும்

‘பாராசிட்டமால் 4 மில்லி’ என்று மட்டும் எழுதாதீர்கள். இங்கே கிடைக்கும் சிரப்பில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கும். சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். 8 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 80 முதல் 120 மில்லிகிராம் போதும். நீங்கள் சிரப்பை நினைத்து 4 என்று எழுதுவீர்கள், வீட்டில் இருப்பது சொட்டு பாட்டிலாக இருக்கும், 400 மில்லிகிராம் உள்ளே போகும். மில்லிகிராமும் எழுதுங்கள், எந்த பாட்டில் என்றும் எழுதுங்கள்.

2022இல் எத்திலீன் கிளைகால், டை எத்திலீன் கிளைகால் கலந்த சிரப்புகளால் நாடெங்கும் குழந்தைகளின் சிறுநீரகம் செயலிழந்து 200 பேர் போல இறந்தார்கள். அக்டோபரில் அரசு சிரப் மருந்துகளையே நிறுத்தச் சொன்னது. அந்த மாதங்களில் நாங்களே புயருக்குத் திரும்பினோம். சில வீடுகளில் அந்தப் பயம் இன்னும் போகவில்லை. எழுதிக் கொடுத்த சிரப்பை வாங்காமலேயே போவார்கள். வாங்கினார்களா என்று கேளுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஜிங்க்

10 நாள். போக்கு நின்ற பிறகும்.

தட்டம்மைக்கு வைட்டமின் ஏ

ஆகஸ்டில் போஸ்யாண்டு முகாமில், அதாவது கிராமத்துத் தாய்-சேய் நல முகாமில், சிவப்பு வைட்டமின் ஏ கேப்சூல் கொடுத்தாயிற்று என்பது பதிலாகாது. அது தடுப்புக்கு. தட்டம்மை வந்த பிள்ளைக்கு இப்போது இரண்டு நாள் கொடுக்க வேண்டும்.

வலிப்புக்குக் காப்பி

காய்ச்சல் வலிப்பை இங்கே ‘ஸ்தெப்’ என்பார்கள். ஒரு கரண்டி காப்பி கொடுத்தால் ஸ்தெப் வராது என்று பல வீடுகளில் நம்பிக்கை உண்டு. அது பலிக்காது, கொடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்புவோம். டிஸ்சார்ஜ் அன்று வண்டி ஏறும் முன் பாட்டி மட்டும் தனியாகத் திரும்பி வந்து, சின்னக் கரண்டிதானே டோக், என்று மெதுவாகக் கேட்பார். அறிவுரையை யாரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.