உருகும் சீஸ், உருகாத சீஸ்: எதை எப்படிச் சாப்பிடுவது

எந்த சீஸ் வாங்குவது என்று யோசிக்கும் முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: அதைச் சூடாக்கப் போகிறீர்களா, அப்படியே சாப்பிடப் போகிறீர்களா? சீஸ் சமையல் சொதப்புவது பெரும்பாலும் சீஸின் தரத்தால் அல்ல. உருகாத வகையை உருக்கப் பார்ப்பதும், உருகும் வகையைக் கொதிக்க விடுவதும்தான் காரணம்.

சீஸின் உடம்பு கேசின் என்ற பால் புரதத்தால் ஆனது. அந்தப் புரதத்தைக் கால்சியம் பிணைத்து வைத்திருக்கிறது. நடுவே கொழுப்பும் நீரும் தங்கியிருக்கின்றன. சுமார் 32 டிகிரி செல்சியஸில் கொழுப்பு இளகத் தொடங்கும். புரதப் பிணைப்பு தளர அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும்: ஈரம் நிறைந்த மென்மையான சீஸுக்கு ஏறத்தாழ 55, செடாருக்கு 65, பார்மிஜானோ போன்ற காய்ந்த சீஸுக்கு 82 டிகிரி. அதற்கு மேலும் சூடேற்றினால் புரதம் சுருங்கி நீரையும் எண்ணெயையும் வெளியே தள்ளிவிடும். பாத்திரத்தில் ரப்பர் மாதிரி ஒரு கட்டியும் அதைச் சுற்றி எண்ணெயும் நிற்பது இதனால்தான்.

ஹலூமி, ரிக்கோட்டா, ஃபெட்டா மூன்றும் எவ்வளவு சூடாக்கினாலும் வழியாது. சைப்ரஸின் ஹலூமியைச் செய்யும்போதே கட்டிகளை 90 டிகிரிக்கு மேல் சூடான மோர்நீரில் வேகவைத்து விடுகிறார்கள். ரிக்கோட்டா சூட்டிலேயே திரளும் புரதம். ஃபெட்டாவில் புளிப்பு அதிகம். அந்த மிகையான அமிலத்தில் புரதங்கள் ஒன்றோடொன்று இறுக ஒட்டிக்கொள்வதால் சூட்டில் மென்மையாகுமே தவிர ஓடாது. இதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஹலூமியை ஒரு செ.மீ. கனத்தில் வெட்டி, ஈரத்தை நன்றாக ஒற்றியெடுத்து, எண்ணெய் இல்லாத சூடான கல்லில் பக்கத்துக்கு 2 நிமிடம் வாட்டுங்கள். பொன்னிறமானதும் உடனே சாப்பிட்டுவிட வேண்டும், ஆறினால் இறுகிவிடும். தர்பூசணித் துண்டும் புதினாவும் அதற்குப் பிரமாதமான துணை. ஃபெட்டா உப்புக் கரித்தால் குளிர்ந்த நீரிலோ பாலிலோ அரை மணி நேரம் ஊறவைத்தால் போதும்.

இனி உருக்குபவை. எந்த உருக்கலுக்கும் பொது விதி ஒன்று: கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள். துருவி விற்கும் பாக்கெட்டுகளில் ஒட்டாமல் இருக்க ஸ்டார்ச் அல்லது செல்லுலோஸ் தூவியிருப்பார்கள். அது உருகலை மணல்மணலாக்கும்.

சாண்ட்விச்சுக்கு நன்கு முதிர்ந்த செடாரை மட்டும் வைத்தால் எண்ணெய் கசியும். முதிர முதிர புரதம் சிறு துண்டுகளாக உடைவதால் கொழுப்பைப் பிடித்து வைக்கும் திறன் குறைகிறது. ஆனால் சுவை அதில்தான் இருக்கிறது. அதனால் 30 கிராம் முதிர்ந்த செடார், 30 கிராம் இளம் கூடா அல்லது ஃபான்டினா என்று கலந்துகொள்ளுங்கள். ரொட்டியின் வெளிப்பக்கம் வெண்ணெய் தடவி, மிகக் குறைந்த தீயில், மூடி போட்டு, பக்கத்துக்கு 4 நிமிடம். தீ கூடினால் சீஸ் இளகும் முன்பே ரொட்டி கருகிவிடும்.

பீட்சாவில் நீரில் மிதக்கும் புது மொசரெல்லாவைப் போடுவதானால் பிய்த்து, வடிகட்டியில் அரை மணி நேரமாவது வடியவிடுங்கள். இல்லையென்றால் நடுவில் குளம் கட்டும். ஈரம் குறைந்த கட்டி மொசரெல்லாவுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

அதிகம் பேர் தடுமாறுவது ஃபாண்ட்யூவில்தான், அதாவது ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடும் உருக்கிய சீஸ் குழம்பில். இரண்டு பேருக்கு 200 கிராம் கிரூயேர், 200 கிராம் வஷ்ரான் ஃப்ரிபூர்ஷுவா எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தில் பாதிக்குப் பாதி என்று பெயர் பெற்ற கலவை இது. வஷ்ரான் கிடைக்காவிட்டால் எமென்டால் சேர்க்கலாம், ஆனால் நூல் சற்று அதிகமாக இழுக்கும். துருவிய சீஸில் 2 டீஸ்பூன் கார்ன்ஃப்ளார் தூவிப் பிசறுங்கள். அடிகனமான பாத்திரத்தின் உள்ளே வெட்டிய பூண்டைத் தேய்த்து, 160 மி.லி. புளிப்பான வெள்ளை ஒயினை ஆவி வரும்வரை சூடாக்கி, சீஸைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். முதல் பிடி கரைந்த பிறகே அடுத்தது. கொதிக்கவே கூடாது. ஒயினின் அமிலம் கால்சியத்தைப் பற்றிக்கொள்வதால்தான் கலவை வழவழப்பாக வருகிறது. ஒயின் வேண்டாம் என்றால் அதே அளவு நீரில் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு கலந்துகொள்ளலாம். எண்ணெய் பிரிந்துவிட்டால் பதற வேண்டாம். ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாற்றில் ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளாரைக் கரைத்து ஊற்றி, குறைந்த தீயில் வேகமாக அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

வெள்ளை சாஸுக்கு 20 கிராம் வெண்ணெய், 20 கிராம் மைதா, 300 மி.லி. பால், 120 கிராம் செடார். சாஸ் கெட்டியானதும் அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் கழித்து சீஸைச் சேர்க்கவும்.

சூடாக்காமல் சாப்பிடும்போது எல்லாரும் செய்யும் தவறு, ஃப்ரிட்ஜிலிருந்து நேராகத் தட்டுக்குக் கொண்டுவருவது. குளிரில் கொழுப்பு இறுகியிருக்கும், மணம் எழாது. மென்மையான சீஸை அரை மணி முதல் முக்கால் மணி நேரம், கெட்டியானதை ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து, காயாமல் மூடி வைக்கவும். வெயில் காலத்தில் இதில் பாதி போதும். ஆளுக்கு ஒரு வகையில் 30 கிராம், மொத்தம் மூன்று வகை. அதற்கு மேல் வைத்தால் நாக்குக்கு எதுவும் தனித்துத் தெரியாது. மென்சுவையானதில் தொடங்கி, நீலப் பூஞ்சை ஓடும் நீல சீஸில் முடிக்க வேண்டும். முதலிலேயே ராக்ஃபோர் என்ற நீல சீஸைச் சாப்பிட்டால் பிரீ என்ற மென்மையான சீஸின் மென்சுவை காணாமல் போய்விடும்.

பிரீ, காமம்பேரின் வெள்ளைத் தோல் உண்ணத்தக்க பூஞ்சைதான், அதை உரித்து எறிய வேண்டாம். நடுவில் விரலால் அழுத்தினால் ஓரத்தைப் போலவே குழைவாக இருக்க வேண்டும். நடு மட்டும் கெட்டியாக இருந்தால் இன்னும் பழுக்கவில்லை. காமம்பேரை முழுதாகச் சிறு தட்டில் வைத்து, மேலே கீறி, 180 டிகிரி அவனில் 15 முதல் 20 நிமிடம் சுட்டு ரொட்டியால் தொட்டுச் சாப்பிடலாம். நீல சீஸின் உப்புக்கும் காரத்துக்கும் தேன், பேரிக்காய், வால்நட். பார்மிஜானோவைக் கத்தியால் சீராக வெட்டாமல் நெம்பி உடைத்தால், அதன் மொறுமொறுப்பான பொடிப் படிகங்களை ரசிக்கலாம். மிஞ்சும் மேல்தோட்டைச் சூப்பில் போட்டுக் கொதிக்கவிட்டால் ஆழமான சுவை இறங்கும்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க: பார்மிஜானோ, கிரூயேர், ராக்ஃபோர் மூன்றிலும் பாலைத் திரிக்கக் கன்று, ஆட்டுக்குட்டி போன்றவற்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்கிறது. லேபிளில் தாவர அல்லது நுண்ணுயிர் ரென்னெட் என்று போட்டிருக்கும் சீஸைத் தேடுங்கள். கர்ப்பிணிகள் பிரீ, காமம்பேர், நீல சீஸ் வகைகளையும், காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸையும் சமைக்காமல் சாப்பிடக் கூடாது. லிஸ்டீரியா கிருமி இருக்கலாம்.

மிச்சத்தை மெழுகுத்தாளில் சுற்றி, மேலே தளர்வாக ஒரு பை போட்டு, ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். கெட்டி சீஸில் பூசணம் வந்தால் அதைச் சுற்றியும் அடியிலும் 2.5 செ.மீ. வெட்டி எறிந்துவிட்டு மற்றதைச் சாப்பிடலாம். மென்மையான சீஸிலோ துருவியதிலோ, அதற்கே உரிய பூஞ்சை தவிர வேறு பூசணம் வந்தால் முழுவதும் குப்பைக்குத்தான். ஃப்ரீசரில் வைத்த சீஸ் உதிரியாகிவிடும். அதை உருக்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.